பேதி என்றால் ஒரே மாத்திரையா? குடலுக்குள் கிருமி எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

"அண்ணா, நைட்ல இருந்து வயித்தால போகுது. ஏதாவது குடுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த மெடிக்கல் ஷாப் வாசலில் நின்றாலும் இந்த வசனம் ஒரு முறையாவது காதில் விழும். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். நார்ஃப்ளாக்சசினும் டினிடசோலும் சேர்ந்த மாத்திரை நாலு, "உடனே நிக்கணும்னா இது" என்று லோபெரமைடு இரண்டு, குடிக்க ஆரஞ்சு கலரில் ஒரு டெட்ரா பேக். பில் போட்டாச்சு. ரத்தம் போகிறதா, காய்ச்சல் அடிக்கிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் போனது? இந்த மூன்று கேள்விகளில் ஒன்றுகூட வராது.

இந்த மூன்றும் சும்மா கேட்கும் கேள்விகள் இல்லை. பேதி என்று நாம் ஒரே பெயரில் சொல்வது பல வேறு வேறு சம்பவங்கள். சில பாக்டீரியா குடல் சுவரின் மேலேயே உட்கார்ந்து விஷத்தை மட்டும் உள்ளே அனுப்பும். சில, சுவரோடு ஃபெவிகால் போட்டது மாதிரி ஒட்டிக்கொள்ளும். சில, செல்லை உடைத்து உள்ளேயே குடியேறிவிடும். கிருமி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எந்த மருந்து காப்பாற்றும், எது கெடுக்கும் என்பதே இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்குச் சுமார் 4.4 லட்சம் பேர் உலகம் முழுக்க வயிற்றுப்போக்கால் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். "வயித்துப்போக்குதானே" என்று தள்ளிவிடக்கூடிய விஷயம் இல்லை இது.

ஒரு செல் தடிமனில் ஒரு சுவர்

நம் உணவுப் பாதையின் உட்பரப்பை விரித்துப் போட்டால் அரை பேட்மிண்டன் கோர்ட் அளவுக்கு வரும். அவ்வளவு பெரிய பரப்பை மூடியிருப்பது ஒற்றை அடுக்குச் செல்கள். அதற்கு அந்தப் பக்கம் ரத்தம், இந்தப் பக்கம் நேற்று சாப்பிட்ட பிரியாணியும் கோடானுகோடி பாக்டீரியாவும். நடுவில் இருப்பது ஒரே ஒரு செல்.

அதனால்தான் காவல் பலமாக இருக்கிறது. முதலில் வயிற்று அமிலம், வருவதில் பெரும்பகுதியைக் கொன்றுவிடும். தப்பியதைச் சளிப்படலம் பிடித்துக்கொள்ளும். குடலின் அசைவு எல்லாவற்றையும் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். சுவரில் இருக்கும் செல்களே மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்து புதிதாக முளைக்கும். போதாததற்கு, ஏற்கெனவே குடியிருக்கும் நல்ல பாக்டீரியா புதிதாக வருபவனுக்கு இடமும் கொடுக்காது, சாப்பாடும் கொடுக்காது.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். காலையில் எழுந்ததும் 'கேஸ் மாத்திரை' ஒன்றைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் கிளம்பும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அது அமிலத்தைக் குறைக்கும் மருந்து. அமிலம் குறைந்தால் முதல் காவலாளி லீவு என்று அர்த்தம். இந்த மாத்திரைகளைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்குக் குடல் தொற்று வரும் வாய்ப்பு கூடுதல் என்பது ஆய்வுகளில் தெரியவந்த விஷயம். தேவைப்படுபவர்கள் மருத்துவர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். தேவையில்லாமல் போடுபவர்கள் யோசிக்கலாம்.

ஓடும் தண்ணீரில் நிற்க வேண்டுமானால் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். பாக்டீரியாவுக்கும் அதே கதைதான். ஒட்டிக்கொள்ளத் தெரியாத கிருமி மலத்தோடு போய்விடும். நோய் உண்டாக்கும் கிருமிகள் எல்லாமே முதலில் படித்திருக்கும் பாடம் ஒட்டுவதுதான்.

காலரா: தொடாமலே குழாயைத் திறந்துவிடுபவன்

காலரா பாக்டீரியா குடல் செல்லுக்குள் நுழைவதே இல்லை. அதன் உடலில் மயிரிழை போன்ற நீட்சிகள் உண்டு. அவற்றால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கூட்டம் கூட்டமாகச் சிறுகுடலின் மேல் படிந்துவிடுகின்றன. பிறகு ஒரு விஷப் புரதத்தை வெளியே விடுகின்றன. அந்தப் புரதத்துக்கு ஐந்து கைகள், ஒரு கத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கைகளும் செல்லின் மேலிருக்கும் ஜி.எம்.1 என்ற சர்க்கரைக் கொழுப்பைப் பிடித்துக்கொள்ளும். கத்திப் பகுதி உள்ளே போய், செல்லின் ஒரு ஸ்விட்ச்சை 'ஆன்' நிலையிலேயே பூட்டிவிடும். உடனே குளோரைடு வெளியேறும் வாசல் திறந்தபடியே நின்றுவிடுகிறது. குளோரைடு பின்னால் சோடியம், சோடியம் பின்னால் தண்ணீர். கடுமையான காலராவில் பெரியவர் ஒருவர் மணிக்கு ஒரு லிட்டர்வரை நீரை இழக்கலாம். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி போகும். அதில் ரத்தம் இருக்காது, ஏனென்றால் சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை.

இதைக் கண்டுபிடித்தவர் பெயர் நம் பாடப் புத்தகங்களில் அரிது. ராபர்ட் கோக் 1884-ல் கொல்கத்தாவில் காலரா கிருமியைப் பிரித்தெடுத்தார். அது ஏதோ விஷத்தைச் சுரக்க வேண்டும் என்றும் ஊகித்தார். ஊகத்தை நிரூபிக்க 75 ஆண்டுகள் ஆயின. அதே கொல்கத்தாவில், சம்பு நாத் டே முயலின் குடலில் ஒரு பகுதியை இரு புறமும் கட்டி, கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத வெறும் வடிநீரை அதற்குள் செலுத்தினார். குடல் நீரால் உப்பியது. ஆக, கிருமி தேவையில்லை, விஷம் போதும். 1959-ல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. ஏற்கெனவே நோபல் பெற்றிருந்த விஞ்ஞானி ஜோஷுவா லெடர்பெர்க் பின்னாளில் இவரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார். கிடைக்கவில்லை. 1985-ல் டே காலமானார்.

இன்னொரு வேடிக்கை. அந்த விஷத்தைச் செய்யும் ஜீன் காலரா பாக்டீரியாவின் சொந்தச் சொத்தே இல்லை. பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ் கொண்டுவந்து போட்டது. அந்த வைரஸ் உள்ளே நுழையப் பிடித்துக்கொண்டது எதைத் தெரியுமா? மேலே சொன்ன அதே மயிரிழை நீட்சியை. நம் குடலில் தங்குவதற்காக வளர்த்த கையையே இன்னொருவன் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டான். 1996-ல் இது தெரியவந்தது.

வெளியூர் போய்வந்ததும் வரும் 'டிராவலர்ஸ் டயரியா'வுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை வகையும் காலரா வழியைத்தான் பின்பற்றுகிறது. மேலே ஒட்டும், விஷத்தை விடும், உள்ளே போகாது.

உடையாத சுவர்தான் உயிர் காக்கிறது

சுவர் உடையவில்லை என்பதில்தான் ஓஆர்எஸ்-சின் ரகசியம் இருக்கிறது. தண்ணீர் வெளியேறும் வாசல் திறந்துகொண்டாலும், குளுக்கோஸையும் சோடியத்தையும் ஜோடியாக உள்ளே இழுக்கும் இன்னொரு வாசல் அதே செல்லில் வழக்கம்போல வேலை செய்துகொண்டிருக்கிறது. காலரா விஷம் அதைத் தொடுவதில்லை. உப்பையும் குளுக்கோஸையும் சரியான அளவில் கொடுத்தால் இரண்டும் கைகோத்து உள்ளே போகும், தண்ணீரும் கூடவே போகும்.

1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்ற சலைன் தீர்ந்துபோன நிலையில், திலீப் மஹலானாபிஸ் என்ற குழந்தை மருத்துவர் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்புக் கலவையை டிரம்களில் கரைத்து வைத்து, உறவினர்களையே ஊட்டச் சொன்னார். 30 சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அவருக்குப் பத்ம விபூஷண் 2023-ல், மறைவுக்குப் பிறகு வந்தது. நம் நாட்டில் பேதியைப் பற்றி ஆராய்ந்தவர்களுக்கு அங்கீகாரம் கொஞ்சம் லேட்டாகத்தான் வரும்போல.

அளவு இதில் உயிர். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கலவையில் ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம் மட்டுமே. குளிர்பானம், பாட்டில் ஜூஸ் வகைகளில் லிட்டருக்கு 100 கிராம் அளவில் சர்க்கரை இருக்கும். அந்தச் சர்க்கரையை முழுசாக உறிஞ்ச முடியாத குடல், அதை நீர்க்கச் செய்ய உடலில் இருந்து தண்ணீரை உறிஞ்சி வெளியே விடும். பேதி கூடும். இத்தனை காலம் 'ஓஆர்எஸ்' என்ற எழுத்தை லேபிளில் பெரிதாகப் போட்டு இந்த மாதிரி இனிப்புப் பானங்கள் மருந்துக் கடை அலமாரியிலேயே விற்கப்பட்டன. 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால், லேபிள் மாறிய அதே பாக்கெட்டைக் கடைக்காரர் அதே வாக்கியத்தோடு எடுத்துக் கொடுத்தால் உத்தரவால் என்ன பயன்? பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று எழுதியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்குவதுதான் இப்போதைக்கு வழி.

பூட்டையும் தானே கொண்டுவரும் ஈ.கோலை

ஒட்டுவதில் கில்லாடி என்று ஒருவனைச் சொல்ல வேண்டுமானால் குழந்தைகளைத் தாக்கும் ஒரு ஈ.கோலை வகையைச் சொல்லலாம். பொதுவாகக் கிருமி சாவி மாதிரி, நம் செல்லின் ஏற்பி பூட்டு மாதிரி என்று படித்திருப்போம். இவன் பூட்டையும் கையோடு எடுத்து வருகிறான்.

அவன் உடலில் ஊசி போன்ற ஒரு கருவி இருக்கிறது. அதைக் குடல் செல்லில் குத்தி, 'டிர்' என்ற புரதத்தை உள்ளே செலுத்துவான். அந்த டிர், செல்லின் மேல்தோலுக்கு வந்து தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். உடனே பாக்டீரியா தன்னிடம் இருக்கும் 'இன்டிமின்' என்ற இன்னொரு புரதத்தால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தானே அடித்த ஆணியில் தானே சட்டையை மாட்டுவது மாதிரி! வான்கூவரில் பிரெட் ஃபின்லே குழுவினர் 1997-ல் இதை வெளியிடும்வரை, அந்த ஏற்பி மனித செல்லுடையது என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பிடித்த பிறகு டிர் உள்ளே இருந்து வேலையைத் தொடங்கும். செல்லின் எலும்புக்கூடு போன்ற ஆக்டின் இழைகளைக் கூப்பிட்டுச் சேர்த்து, பாக்டீரியாவுக்கு ஒரு பீடம் கட்டும். சத்தை உறிஞ்ச வேண்டிய நுண்விரல்கள் அந்த இடத்தில் அழிந்துவிடும். மைக்ராஸ்கோப் படத்தில் பார்த்தால் சிலைக்குப் பீடம் வைத்தது மாதிரியே இருக்கும். குழந்தைக்குப் பேதி வாரக்கணக்கில் இழுப்பதும், உடம்பு தேறாமல் போவதும் இதனால்தான்.

இவனுடைய சகோதரன் ஓ157:ஹெச்7. அதே பீடம், கூடவே ஷிகா என்ற விஷம். விஷம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடித்தால் டயாலிசிஸ்வரை போகலாம். இங்கேதான் ஆன்டிபயாடிக் விஷயத்தில் மருத்துவர்கள் கையைக் கட்டிக்கொள்கிறார்கள். சில ஆன்டிபயாடிக்குகள் பாக்டீரியாவை உடைக்கும்போது விஷம் இன்னும் அதிகமாக வெளியாகலாம் என்ற பயம் உண்டு. 2011-ல் ஜெர்மனியில் இதே விஷத்தைச் சுமந்த வேறொரு ஈ.கோலை வகை பரவி, 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காரணம், சாலட்டில் போட்ட முளைகட்டிய வெந்தயம். எகிப்தில் இருந்து வந்த விதையாக இருக்க வேண்டும் என்றது விசாரணை. முளைகட்ட வைக்கும் வெதுவெதுப்பும் ஈரமும் வெந்தயத்துக்கு மட்டும் பிடித்தவை இல்லை.

ஷிகெல்லா: கொல்லைப்புறமாக வருபவன்

இனி உண்மையான படையெடுப்பு. ரத்தமும் சளியுமாகப் போகும் சீதபேதிக்கு முக்கியக் காரணம் ஷிகெல்லா. 1897-ல் ஜப்பானில் பரவிய கொள்ளைநோயில் கியோஷி ஷிகா கண்டுபிடித்தது. இவன் அமிலத்துக்கு அஞ்சாதவன். பத்து முதல் நூறு கிருமிகள் வயிற்றுக்குள் போனாலே நோய் வந்துவிடும். கை கழுவாத ஒருவர் தொட்ட ஒரு டம்ளர் போதும்.

விநோதம் என்னவென்றால், பெருங்குடல் செல்லின் முன்வாசல் வழியாக இவனால் நுழைய முடியாது. குடல் சுவரில் நடுநடுவே 'எம் செல்' என்று சில செல்கள் இருக்கின்றன. உள்ளே இருப்பதைக் கொஞ்சம் எடுத்து அந்தப் பக்கம் இருக்கும் நோய் எதிர்ப்பு செல்களுக்கு "இது என்னன்னு பாருங்க" என்று காட்டுவது அவற்றின் வேலை. ஷிகெல்லா அந்த செக்யூரிட்டி வழியாகவே உள்ளே போகிறான். அந்தப் பக்கம் இவனை விழுங்கக் காத்திருக்கும் மேக்ரோஃபேஜ், விழுங்கிய கையோடு வெடித்துச் சாகிறது. வெளியே வந்தவன், குடல் செல்லின் பின்பக்கம் அதே ஊசிக் கருவியைக் குத்தி, செல்லே தன்னை அணைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும்படி செய்கிறான்.

உள்ளே போனதும் தன்னைச் சுற்றியிருக்கும் பையைக் கிழித்து வெளியேறுகிறான். ஷிகெல்லாவுக்கு நீந்தும் வால் கிடையாது. அதற்கும் வழி வைத்திருக்கிறான். தன் உடலின் ஒரு முனையில் மட்டும் ஒரு புரதத்தை வைத்து, செல்லின் ஆக்டினைத் தன் பின்னால் கட்டவைக்கிறான். ராக்கெட் புகை மாதிரி வால் நீள நீள, இவன் முன்னே தள்ளப்படுகிறான். அப்படியே பக்கத்துச் செல்லின் சுவரை முட்டி அதற்குள் புகுந்துவிடுகிறான். வெளியே தலை காட்டாததால் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருள்கள் இவனைப் பார்க்கவே முடியாது.

செத்த மேக்ரோஃபேஜ் எழுப்பிய அபாயச் சங்கைக் கேட்டு வெள்ளை அணுக்கள் ஓடிவருகின்றன. வரும் அவசரத்தில் குடல் செல்களின் இடையே இருக்கும் இணைப்புகளைப் பிரித்துக்கொண்டு வருகின்றன. அந்த இடைவெளியில் வெளியே நின்றிருந்த மற்ற ஷிகெல்லாக்களும் நுழைந்துவிடுகின்றன. புண், ரத்தம், சளி, காய்ச்சல், அடிவயிற்று முறுக்கல் எல்லாம் இந்தக் கலவரத்தின் விளைவு.

சால்மொனெல்லா வேறு ரகம். ஊசி போட்டதும் செல்லின் மேற்பரப்பு அலை அலையாக எழும்பி அவனை மூடிக்கொள்ளும். உள்ளே போனபின், கலைந்த பரப்பைப் பழையபடி சரிசெய்யும் இன்னொரு புரதத்தையும் அவனே அனுப்புவான். திருடிய வீட்டைப் பெருக்கிவிட்டுப் போவது போல. குடலில் அவன் மூட்டிவிடும் அழற்சியில் உண்டாகும் ஒரு கந்தகச் சேர்மத்தை அவனால் சுவாசத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள முடியும், நல்ல பாக்டீரியாவில் பெரும்பாலானவற்றால் முடியாது. நம் உடல் போடும் சண்டையே அவனுக்குச் சாப்பாடு.

இப்போது மெடிக்கல் ஷாப்புக்குத் திரும்புவோம்

கடைக்காரர் கொடுத்த லோபெரமைடு குடலின் அசைவைக் குறைக்கும். காய்ச்சலும் ரத்தமும் இல்லாத சாதாரணப் பேதியில் பெரியவர்களுக்குப் பெரிய கெடுதல் இல்லை. ஆனால், உள்ளே ஷிகெல்லாவோ ஓ157-ஓ இருந்தால்? வெளியேற வேண்டிய கிருமியையும் விஷத்தையும் கதவைச் சாத்தி உள்ளேயே வைத்தது போலாகும். குழந்தைகளுக்கு இந்த மாத்திரை கூடவே கூடாது.

ஆன்டிபயாடிக் கதை இன்னும் மோசம். தண்ணீராகப் போகும் பேதியில் பெரும்பகுதி, குறிப்பாகக் குழந்தைகளுக்கு வருவது, வைரஸால். அதற்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. சும்மா இருந்த நல்ல பாக்டீரியாவைத்தான் காலி செய்யும். 1950-களிலேயே எலிகளுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரண எலிக்கு நோய் வர லட்சம் சால்மொனெல்லா தேவைப்பட்டது. மருந்து கொடுத்த எலிக்கு விரல்விட்டு எண்ணும் அளவு போதுமானதாக இருந்தது. குடியிருப்பவனை விரட்டினால் வீடு காலி, யார் வேண்டுமானாலும் வரலாம்.

ஆன்டிபயாடிக் கட்டாயம் தேவைப்படும் இடம் ரத்தபேதி, அதிலும் ஷிகெல்லா. அந்த இடத்தில்தான் மருந்து கைவிடத் தொடங்கியிருக்கிறது. நார்ஃப்ளாக்சசின் எந்தக் குடும்பத்து மருந்தோ அந்த ஃப்ளூரோகுயினலோன் குடும்பத்துக்கு அடங்காத ஷிகெல்லா, உலக சுகாதார நிறுவனத்தின் கவலைக்குரிய கிருமிகள் பட்டியலில் இருக்கிறது. சாதாரணப் பேதிக்கு நாலு மாத்திரை வாங்கி, இரண்டு போட்டதும் நின்றுவிட்டது என்று மீதியை டிராயரில் போட்ட நம் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால், பழியை வாங்குபவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. இந்த மாத்திரை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் ஹெச் மருந்து. விற்பவர்களுக்கும் தெரியும், பார்க்க வேண்டிய அதிகாரிகளுக்கும் தெரியும்.

அதனால் வீட்டில் செய்ய வேண்டியது: பேதி தொடங்கியதுமே ஓஆர்எஸ், பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில், கொஞ்சம் கொஞ்சமாக. குழந்தைக்குக் கூடவே ஜிங்க், 10 முதல் 14 நாள், டோஸ் மருத்துவர் சொன்னபடி. சாப்பாட்டையும் தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டாம். தாய்ப்பாலில் இருக்கும் சில சர்க்கரைகள் குடல் செல்லின் ஏற்பி மாதிரியே வேஷம் போட்டு, கிருமியைத் தங்கள் மேல் ஒட்டவைத்து வெளியே கூட்டிப்போய்விடும். "பால் குடுத்தா இன்னும் போகும்" என்று நிறுத்தச் சொல்லும் பாட்டியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ரத்தம், கடும் காய்ச்சல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, குழந்தை துவண்டுகிடக்கிறது, குடித்ததெல்லாம் வாந்தி என்றால் மருந்துக் கடை இல்லை, நேரே மருத்துவமனை.

இவ்வளவும் கிருமி வாய்க்குள் வந்த பிறகு. வராமல் தடுப்பது நம் கையில் மட்டும் இல்லை. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, புதுச்சேரி அரசு பொது சுகாதார அவசரநிலையை அறிவித்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்ததுதான் பேச்சாக இருந்தது. அப்புறம் குழாய் மாற்றம், குளோரின், முகாம் எல்லாம் நடந்தன. எல்லா ஊரிலும் இதே வரிசைதான்: முதலில் பேதி, பிறகு குளோரின்.

காலராவோ ஷிகெல்லாவோ, எவ்வளவு சாமர்த்தியமான ஊசியும் பீடமும் வைத்திருந்தாலும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்கும் தண்ணீரில் பிழைப்பது கஷ்டம். இந்திய குடிநீர்த் தரமும் அந்த அளவைத்தான் சொல்கிறது. அதை அளக்கும் சின்னக் கருவி உள்ளாட்சி ஊழியர் பையிலேயே அடங்கும். தொட்டியின் அடியில் அளந்தால் போதாது, தெருவின் கடைசிக் குழாயில் அளக்க வேண்டும். மேட்டூர் நீர்மட்டம் தினமும் வெளியாகிறது, மழை அளவும் தினமும் வெளியாகிறது. நம் வார்டின் கடைசிக் குழாயில் இன்று காலை குளோரின் எவ்வளவு இருந்தது என்பதையும் தினமும் வெளியிடச் சொல்லி மாநகராட்சியைக் கேட்கலாம். அடுத்த வார்டு கூட்டத்தில் யாராவது எழுந்து கேளுங்கள்.